காபூல் காவல் வேலை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நாற்பது வயதில் பென்ஷனோடு வீடு திரும்பிய ஹவில்தார்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் காத்திருக்கும் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: வங்கி வாசல், ஏடிஎம் வாசல், தோல் தொழிற்சாலை வாசல். இந்த வாசல்களில் நின்று சலித்துப்போன ஒருநாளில் ஏஜெண்ட் ஒருவர் போன் செய்து, டாலரில் சம்பளம் என்பார். நானும் அப்படித்தான் காபூலுக்குப் போனேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன், காஷ்மீரைப் பார்த்தவன் என்பதால் பனியிலும் இருட்டிலும் மோர்ச்சாவில், அதாவது காவல் அரணில், நிற்பது எனக்குப் புதிதல்ல. ராணுவத்தில் என் தலைக்கு மேல் யார் இருக்கிறார், அவருக்கு மேல் யார், தவறு நடந்தால் எந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காபூலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. இன்று அதே மாதிரி வேலைக்குக் கிளம்பும் தம்பிகள் வந்து கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி பிடிப்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதம் பிடிப்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

எங்கள் முகாம் ஜலாலாபாத் சாலையில் இருந்தது. மண் நிரப்பிய ஹெஸ்கோ கூடைகள், அவற்றுக்குப் பின்னால் ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு கான்கிரீட் டி-வால், வளைந்து வளைந்து மட்டுமே வண்டி உள்ளே வரக்கூடிய பாதை. இந்தப் பாதையில் மனிதர்கள் மூன்று அடுக்காக நிறுத்தப்பட்டிருந்தோம். சாலையோரமாக, வருகிற வண்டியின் கதவை முதலில் திறந்து பார்ப்பவர் ஆப்கானியர். அடுத்த வளைவில் 'டி.சி.என்.' என்று அழைக்கப்பட்ட நாங்கள்: வேலை கொடுத்த நாட்டையும் சேராதவர்கள், வேலை நடந்த நாட்டையும் சேராதவர்கள். நேபாளிகள்தான் அதிகம், பிறகு இந்தியர்கள். உள்ளே, ரேடியோ அறையில் அமெரிக்கர், பிரிட்டிஷார், தென்னாப்பிரிக்கர். ஆபத்து வெளியிலிருந்து உள்ளே வரும். சம்பளம் உள்ளிருந்து வெளியே வர வரக் குறையும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துதான் போனோம். ஆனால் சம்பளம் மட்டும்தான் இப்படிப் பிரிகிறது என்று நினைத்திருந்தேன். கவச வண்டியும், வக்கீலும், விபத்தானால் ஹெலிகாப்டரும் இதே வரிசையில்தான் பிரிகின்றன என்பது போகப்போகத்தான் புரிந்தது.

முதல் விஷயம் முதலாளி யார் என்பது. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஒரு கம்பெனியின் பெயர். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் துபாய் முகவரியோடு வேறொரு பெயர். வங்கிக்குச் சம்பளம் வந்தது மூன்றாவது பெயரிலிருந்து. விசாவுக்கு உத்தரவாதம் கொடுத்தது நான்காவது. தூதரகமோ ராணுவமோ ஒரு பெரிய கம்பெனிக்கு வேலையைக் கொடுக்கிறது, அது துணை ஒப்பந்தக்காரருக்குத் தள்ளுகிறது, அவர் ஆள் பிடிக்கும் நிறுவனத்துக்குத் தள்ளுகிறார். சட்டப்படி இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. ஆனால் சம்பளம் நின்றாலோ கால் போனாலோ நாலு பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் இந்த நான்கு பெயர்களையும் எழுதச் சொல்வேன்: ஒப்பந்தம், சம்பளம், விசா, அட்டை. ஏஜெண்டால் நிரப்ப முடியாத வரி எதுவோ, பிரச்சினை அந்த வரியில்தான் வரும்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் பாக்தாத் நிசூர் சதுக்கத்தைச் சொல்வது வழக்கம். 2007 செப்டம்பர் 16 அன்று, அமெரிக்க வெளியுறவுத் துறைக்குக் காவல் வேலை செய்த பிளாக்வாட்டர் கம்பெனியின் வண்டித்தொடர் அந்தச் சந்திப்பில் நின்று போக்குவரத்தை மறித்தது. வெள்ளை கியா கார் ஒன்று நிற்காமல் வருகிறது என்று சுட ஆரம்பித்தார்கள். அதை ஓட்டியவர் ஒரு மருத்துவ மாணவர், பக்கத்தில் அவருடைய தாய். அந்தக் கார் அடங்கிய பிறகும் சுடுவது அடங்கவில்லை. 17 ஈராக்கியப் பொதுமக்கள் இறந்தார்கள். இதில் 14 பேரைக் கொன்றதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது எப்.பி.ஐ. விசாரணையின் முடிவு.

ஈராக்கிய நீதிமன்றம் அவர்களைத் தொட முடியவில்லை. 2004-இல், ஈராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் நாட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன் புதுப்பித்துக் கையெழுத்திட்டுச் சென்ற 17-ஆம் எண் ஆணை, ஒப்பந்தக்காரர்களுக்கு உள்நாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. அமெரிக்காவில் வழக்குப் போடவும் சிக்கல்: வெளிநாட்டில் குற்றம் செய்யும் ஒப்பந்த ஊழியர்களுக்கான சட்டம் பாதுகாப்புத் துறையின் வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, இவர்களோ வெளியுறவுத் துறைக்கு வேலை செய்தவர்கள். சம்பவம் முடிந்த கையோடு காவலர்களிடம் வாங்கிய வாக்குமூலங்களை முறைகேடாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று 2009 கடைசி நாளில் ஒரு நீதிபதி வழக்கையே தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் உயிர் பெற்று, 2014-இல் நான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் பொதுமன்னிப்பு வழங்கினார். கம்பெனியின் மீது இந்தக் கொலைகளுக்காகக் குற்ற வழக்கு வரவே இல்லை. 2009-இல் 'ஸீ' என்றும், 2011-இல் 'அகாடமி' என்றும் அது பெயரை மாற்றிக்கொண்டது.

இந்தக் கதையில் செத்தவர்களின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. ஆனால் வேலைக்குப் போகிறவன் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. சிறைக்குப் போனவர்கள் விசையை இழுத்தவர்கள் மட்டும். அவர்களுக்கு அமெரிக்க வக்கீல்கள் இருந்தார்கள், கடைசியில் ஓர் அதிபரின் பேனாவும் இருந்தது. திருப்பத்தூர்க்காரனுக்கோ நேபாளத்துப் பொக்காராக்காரனுக்கோ எந்த அதிபர் கையெழுத்துப் போடுவார்?

ஈராக்கில் அந்த விலக்கு 2009 ஜனவரி முதல் இல்லை. அதன்பின் பாக்தாதில் இரண்டு சக ஊழியர்களைச் சுட்டுக்கொன்ற பிரிட்டிஷ் காவலர் ஒருவருக்கு ஈராக்கிய நீதிமன்றம் 2011-இல் 20 ஆண்டு சிறை விதித்தது. ஆப்கானிஸ்தானில் ஒப்பந்தக்காரர்களுக்கு இப்படி ஒரு விலக்கு இருந்ததே இல்லை. பிடிபட்ட கவச வண்டிகளை மீட்கப் பணம் கொடுத்ததற்காக ஒரு பிரிட்டிஷ் மேலாளர் 2010-இல் சிறைக்குள் போய், மேல்முறையீட்டில் விடுதலையானது எங்கள் முகாமில் வெகுநாள் பேசப்பட்டது. நம்மவர்களுக்கு இன்னொரு கயிறும் உண்டு: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் அவனைத் தொடர்ந்தது. இப்போதைய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே இருக்கிறது. "அங்கே கேட்க ஆளில்லை" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். கேட்கிறவர் எந்தத் திசையிலிருந்து வருவார் என்பது மட்டும்தான் தெரியாது.

இதற்கு ஜலாலாபாத் சாலை வரைக்கும் போகவேண்டாம், தூத்துக்குடியே போதும். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க ஆயுதக் காவலர்களோடு நின்ற 'சீமேன் கார்டு ஓகியோ' 2013 அக்டோபரில் அங்கே பிடிபட்டது. இந்தியர், எஸ்டோனியர், பிரிட்டிஷார், உக்ரேனியர் என 35 பேர் கைதானார்கள். உரிமையாளர் ஓர் அமெரிக்கக் கம்பெனி. 2016 ஜனவரியில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விடுதலை. இடைப்பட்ட காலத்தைச் சிறையில் கழித்தவர்கள் மாலுமிகளும் காவலர்களும். கப்பலின் ஆயுதங்களுக்கான காகிதங்களைச் சரிபார்ப்பது அவர்களுடைய வேலையே அல்ல.

இனி எங்கள் வாசலில் நடந்தது.

குளிர்காலம், சாயங்காலம் மங்கும் நேரம். வாசலில் அன்று பொறுப்பு எனக்கு. மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கொரோலா டாக்சி, முதல் வளைவில் வேகம் குறைக்காமல் திரும்பி எங்கள் பக்கமாக வந்தது. எங்கள் சட்டைப்பையில் ஓர் அட்டை எப்போதும் இருக்கும். கையை உயர்த்திக் கத்து, விளக்கைக் காட்டு, ஆயுதத்தைக் காட்டு, எச்சரிக்கைக்குச் சுடு, அதற்கும் நிற்காவிட்டால்தான் குறி வைத்துச் சுடு என்று படிப்படியாக எழுதியிருக்கும். படிக்க நிதானமாக இருக்கும் இந்தப் படிகள் எல்லாம், ஒரு கார் இரண்டு டி-வால் தூரத்தைக் கடக்கும் நேரத்துக்குள் முடிய வேண்டும். என் பக்கத்தில் நின்ற நேபாளத் தம்பி, இந்தியாவின் கூர்க்கா படையில் இருந்தவன், கத்தினான், விளக்கடித்தான், தரையில் ஒரு ரவுண்டு சுட்டான், பிறகு என்ஜினில் சுட்டான். ஒரு ரவுண்டு மேலே ஏறிக் கண்ணாடி வழியாக ஓட்டுநரின் தோளில் பாய்ந்தது. வண்டியில் குண்டு எதுவும் இல்லை. காய்கறி மூட்டை இருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

ஓட்டுநரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சற்று நேரத்தில் மேலாளர் வந்தார். கையில் ஏற்கெனவே டைப் செய்த வாக்குமூலங்கள். வாசலில் நின்ற எல்லாருக்கும் ஒரே வாசகம், பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வண்டி எங்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டியது என்று அதில் இருந்தது. நான் கண்டது அதுவல்ல. வண்டி வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. "சார், என்னுடையதை நானே எழுதித் தருகிறேன்" என்றேன். "உன் இங்கிலீஷ் யாருக்குப் புரியும்?" என்றார். புரிகிற அளவுக்கு எழுதினேன், இரண்டு படி, கையாலேயே. வாசலில் போன் வைத்துக்கொள்ள அனுமதியில்லாததால் படமெடுக்கும் பேச்சே இல்லை.

அந்தத் தம்பியை இரண்டு நாளில் துபாய் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். முகாம் பாஷையில் அதற்கு 'டிமோப்' என்று பெயர். போகும் முன் என்னிடம் வந்து, "குருஜி, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டான். அவனை யாரும் விசாரிக்கவில்லை. எங்களையும் விசாரிக்கவில்லை. ஆப்கன் போலீஸ் வரவில்லை, வேலை கொடுத்த வாடிக்கையாளரிடமிருந்தும் யாரும் வரவில்லை. ஓட்டுநரின் வீட்டுக்குப் பெரியவர்கள் மூலமாக ஏதோ பணம் போனதாகக் கேள்வி. கோப்பு மூடப்பட்டது. ஆளை அனுப்பிவிட்டால் விவகாரமும் விமானம் ஏறிவிடுகிறது. 2006 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பாக்தாதில் ஈராக்கியத் துணை அதிபரின் மெய்க்காவலரை, குடித்திருந்த பிளாக்வாட்டர் ஊழியர் ஒருவர் சுட்டுக்கொன்றபோதும் இதே வழிதான். சீக்கிரமே அவர் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப்பட்டார், வழக்கு நடக்கவே இல்லை. எங்கள் தம்பி கொலைகாரன் அல்ல. அட்டையில் இருந்ததை அட்டையில் இருந்த வரிசையில் செய்தவன். ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்துதான். விசாரணை நடந்திருந்தால் ஓட்டுநருக்கும் நியாயம் கிடைத்திருக்கும், அவனுக்கும் கிடைத்திருக்கும். நடக்காததால் ஆதாயம் யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து அவன் போன் செய்தான். ஒழுங்கீனத்துக்காக நீக்கம் என்று கடிதத்தில் எழுதி, கடைசிச் சம்பளத்தை நிறுத்தியிருந்தார்கள். என்னிடமிருந்த இரண்டாவது படியை அனுப்பிவைத்தேன். அதை வைத்து அவன் நிலுவையை வாங்கிவிட்டான், வேலையை வாங்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், சம்பவம் நடந்த இரவே எழுதுங்கள். மணி, வெளிச்சம், தூரம். தூரத்தை மீட்டரில் ஊகிக்காமல் எத்தனையாவது டி-வால், எந்தக் கம்பம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தில் எழுத வேண்டும். ரேடியோவில் யார் என்ன சொன்னார், உங்கள் கையில் எத்தனை ரவுண்டு கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்தபோது எத்தனை. ஆயுதப் பதிவேட்டில் துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ராணுவத்தில் கோத் எனும் ஆயுத அறையின் பொறுப்பாளர் உங்களுக்காக அதைச் சரிபார்ப்பார், இங்கே அப்படி ஆள் கிடையாது. அந்தத் துப்பாக்கி அந்த நாட்டு அரசிடம் பதிவானதா என்பதும் உங்கள் தலைவலிதான். 2010 ஆகஸ்டில் ஆப்கன் அதிபர் கர்சாய் தனியார் காவல் கம்பெனிகளைக் கலைக்க ஆணையிட்ட பிறகு, ஒரு மாதம் செல்லுபடியான அனுமதிக் காகிதம் அடுத்த மாதம் செல்லுமா என்றே தெரியாத நிலை இருந்தது. அந்தக் காலத்தில் ரோட்டில் ஆயுதத்தோடு போனவனுக்குத்தான் அந்தக் காகிதத்தின் அருமை தெரியும். புரியாத மொழியில் டைப் செய்த தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். காபூல் அமெரிக்கத் தூதரகத்தில் காவலர்களில் பெரும்பகுதியான கூர்க்காக்களுக்கு ஆங்கிலம் போதவில்லை என்று 2009-இல் அமெரிக்காவிலேயே பெரிய சர்ச்சை ஆனது. கட்டளை புரியாதவனுக்கு வாக்குமூலம் மட்டும் எப்படிப் புரியும்?

அடுத்தது காப்பீடு. நம் ஆட்களில் அநேகருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ் வெளிநாட்டில் வேலை செய்பவர், எந்த நாட்டவராக இருந்தாலும், எத்தனையாவது துணை ஒப்பந்தக்காரரிடம் இருந்தாலும், 1941-இல் வந்த 'டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்' என்ற சட்டத்துக்குள் வருவார். காயமானால் மருத்துவச் செலவும், வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாரச் சராசரி ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கும் உண்டு. இறந்தால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. காயத்தை முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க 30 நாள், கோரிக்கை தாக்கல் செய்ய ஓர் ஆண்டு. டியூட்டியில் இல்லாத நேரம் என்று மறுத்தாலும் மனம் தளரவேண்டாம். குவாமில் ஒப்பந்த ஊழியர் ஒருவர் ஓய்வு நேரத்தில், கடலில் தவித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த வழக்கில், அந்த இடத்தின் ஆபத்தே வேலையின் பகுதி என்று 1951-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் ஒரு முள்ளும் உண்டு. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு, வரவேண்டிய தவணைகளை மொத்தமாக மதிப்பிட்டு, அதில் பாதியை ஒரே தடவையில் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. "மொத்தமாகத் தருகிறோம்" என்று இன்சூரன்ஸ்காரர் இனிமையாகப் பேசினால், வக்கீலிடம் காட்டாமல் தலையாட்ட வேண்டாம். இந்த வழக்குகளில் வக்கீல் கட்டணம் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஒப்புதலோடுதான் வாங்கப்படும், முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை. கிளம்பும் முன் கேட்க வேண்டியது: எந்த இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசி எண் என்ன. அது உங்கள் பையில் இருந்து பயனில்லை, வீட்டில் இருக்க வேண்டும். என் மனைவி பீரோவில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தாள்.

வாடிக்கையாளர் அமெரிக்க அரசாக இல்லாவிட்டால் இந்தச் சட்டம் கிடையாது. 2016 ஜூன் 20 காலை, கனடா தூதரகத்துக்கு டியூட்டிக்குப் போன காவலர்களின் மினிபஸ் அருகே தற்கொலைப்படையாள் குண்டை வெடித்தான். எனக்குப் பழக்கமான அதே ஜலாலாபாத் சாலை. இறந்தவர்களில் பெரும்பாலோர் நேபாளிகள், இருவர் டேராடூன் பக்கத்து இந்தியர்கள். அது கவசமில்லாத சாதாரண பஸ். அப்போது நான் ஊருக்கு வந்துவிட்டேன். டிவியில் அந்த மஞ்சள் பஸ்ஸைப் பார்த்தபோது அதிர்ச்சியை விடக் கோபம்தான் வந்தது. தூதரகத்துக்குள் ஏறி நிற்கும் கோபுரத்துக்கு எத்தனை அடுக்குப் பாதுகாப்பு. அந்தக் கோபுரத்தில் நிற்கப்போகிறவன் தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் தகர டப்பாவில் போகிறான். வேலை நேர்காணலில் தங்குமிடத்திலிருந்து வேலையிடத்துக்கு எந்த வண்டி என்று கேளுங்கள். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டாலும் தப்பில்லை.

பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 2012 செப்டம்பரில் ஒபாமா பிறப்பித்த ஆணைக்குப் பிறகு அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் பாஸ்போர்ட்டைப் பறிப்பதும், தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதும் வெளிப்படையாகவே தடை. அந்த ஆணையைப் பற்றித் தெரியும் என்று மரியாதையாகச் சொன்னாலே சில அலமாரிகள் திறந்துகொள்ளும். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் உரிம எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பாருங்கள்.

முன்னாள் படைவீரர்கள் பலரும் விழும் ஓர் ஓட்டையும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு தேறியவர்கள், ஆகவே பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற பிரிவில் வந்துவிடுகிறோம். கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் நம் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை, நாம் எங்கே யாரிடம் வேலை செய்கிறோம் என்ற பதிவே அரசிடம் இருப்பதில்லை. இ-மைகிரேட்டில் நாமே விரும்பிப் பதிவு செய்துகொள்ளலாம். கால் மணி நேர வேலை.

கடைசியாக, இப்போது வருகிறவர்கள் காபூலைப் பற்றிக் கேட்பதில்லை, ரஷ்யாவைப் பற்றிக் கேட்கிறார்கள். காவலர் வேலை, உதவியாளர் வேலை, போர்முனைக்கு அனுப்பமாட்டோம் என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இந்தியர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டதும், சிலர் இறந்ததும், 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்ததும் செய்திகளில் வந்தவை. இலங்கையிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் பலர் போய் மாட்டிக்கொண்டு, அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் விசாரணை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். என் காலத்து ஏமாற்றில் வாசலாவது இருந்தது, இதில் நேரே பதுங்குகுழி. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாலோ, ஒப்பந்தம் அங்கே போய் அந்நாட்டு மொழியில் கையெழுத்தாகும் என்று சொன்னாலோ மேற்கொண்டு எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. போனை வைத்துவிடலாம்.

போன வாரம் காட்பாடியிலிருந்து ஒரு தம்பி ஈராக் வேலைக்கான ஒப்பந்தத்தோடு வந்தான். சம்பளம் நன்றாகவே இருக்கிறது. நான்கு பெயர்களில் மூன்றை நிரப்பிவிட்டான். நான்காவது பெயரையும், இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையும் கேட்டு ஏஜெண்டுக்கு எழுதச் சொன்னேன். எழுத்தில் பதில் வரும்வரை பாஸ்போர்ட் அவனிடமே இருக்கும்.